குடியாத்தம் புல்லட்: உரிந்த செராமிக் கோட்டிங்கும் நீலம் பாய்ந்த பெண்ட் பைப்பும்

வைகாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் பட்டறைக் கதவைத் திறக்கும்போதே அந்த புல்லட் வாசலில் நின்றது. வார்ப்பிரும்பு இன்ஜின், 346 சி.சி., பழைய 350. குடியாத்தத்தில் கைலி மொத்த வியாபாரம் செய்கிற அண்ணன் ஒருவருடைய வண்டி. அவருக்கு முன்னால் அவருடைய நைனா ஓட்டியது. ஐந்து வாரத்துக்கு முன்புதான் அதன் பெண்ட் பைப்புக்கும் (இன்ஜினிலிருந்து சைலன்சர் வரை புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாய்) சைலன்சருக்கும் கறுப்பு மேட் செராமிக் கோட்டிங் போட்டு அவர் கையில் கொடுத்திருந்தோம். அவர் கோபமாக எதுவும் பேசவில்லை. குனிந்து, இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டை ஒட்டிய இடத்தில் விரலை வைத்துத் தேய்த்தார். விரலை என் முகத்துக்கு நேராக நீட்டினார். சாம்பல் நிறப் பொடி.

"இன்னா தம்பி இது, விபூதி மாதிரி வருது?"

அந்தப் பொடி ஏன் வந்தது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பாதிக் காரணம் எங்கள் வேலையில் இருந்தது. மீதி வண்டிக்குள் இருந்தது. எக்ஸாஸ்ட் கோட்டிங் போடுகிறவர்களும் போட நினைக்கிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால், எங்கள் தப்பு உட்பட எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

முதல் தடவை நடந்தது

சித்திரையில் அவர் முதல்முறை வந்தபோது பெண்ட் பைப் குரோமாகத்தான் இருந்தது. ஹெட்டிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குப் பொன்னிறமும், அதற்குமேல் ஊதாவும், ஹெட்டை ஒட்டி அடர் நீலமுமாக நிறம் மாறியிருந்தது. வீட்டில் கல்யாணம் வருகிறது, நைனா வண்டி பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்றார். "இந்த நீலத்த மறைச்சுடுப்பா, அது போதும்" என்பதுதான் அவர் சொன்ன வார்த்தை. நாங்களும் அதை ஒரு பெயிண்ட் வேலையாகவே எடுத்துக்கொண்டோம். ஏன் நீலமானது என்று ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் பட்டறையில் முக்கியத் தொழில் பவுடர் கோட்டிங். கேட், கிரில், சைக்கிள் ஃபிரேம், வண்டிச் சட்டம். அந்த வேலைக்கு வைத்திருக்கும் பிளாஸ்டிங் கேபினிலேயே (காற்றழுத்தத்தில் துகளை வீசி உலோகத்தைத் தேய்க்கும் பெட்டி) பைப்பையும் சைலன்சரையும் வைத்துக் கால் மணி நேரம் அடித்தோம். குரோமின் பளபளப்பு போய் மங்கலானது. அதுவே போதும் என்று நினைத்தோம். தின்னரில் துடைத்து, ஸ்ப்ரே அடித்து, எங்கள் ஓவனில் 200 டிகிரியில் வேகவைத்தோம். நாங்கள் வாங்கியிருந்த சரக்கின் டப்பாவில் மூன்று கட்டமாகச் சூடேற்றச் சொல்லியிருந்தது: முதலில் 120 டிகிரி செல்சியஸ் சுமார், ஆறவிட்டு 200, மறுபடி ஆறவிட்டு 315. எங்கள் ஓவன் 220-க்கு மேல் போகாது. மூன்றாவது கட்டத்தை இன்ஜின் சூடே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம். அவர் அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு, சித்திரை வெயிலில், குடியாத்தம் வரை முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டிப் போனார்.

செராமிக் என்று எதைச் சொல்கிறோம்

ராணிப்பேட்டைப் பக்கம் பீங்கான் என்றால் சானிட்டரி சாமான்தான் மக்கள் நினைவுக்கு வரும். அது 1,000 டிகிரிக்கு மேல் சூளையில் வெந்த பொருள். வண்டிக் கடையில் செராமிக் என்று விற்பது அதுவல்ல. அந்தப் பெயரில் மூன்று வேறுவேறு பொருள்கள் சந்தையில் இருக்கின்றன. முதலாவது, கார் பெயிண்டின்மேல் பளபளப்புக்காகத் துணியால் தேய்க்கும் திரவம். அதைச் சைலன்சரில் போட்டுத் தரச் சொல்லி எங்களிடமே ஆட்கள் வந்திருக்கிறார்கள். அது இந்தச் சூட்டுக்காகச் செய்ததல்ல. இரண்டாவது, நாங்கள் போட்டது: சிலிக்கோன் வகை ரெசினில் பீங்கான் தூளும் நிறமியும் கலந்து ஸ்ப்ரே அடிக்கும் மெல்லிய பூச்சு. சூடேறும்போது ரெசினிலுள்ள கரிமப் பகுதி எரிந்து போய்விடும். சிலிக்கா எலும்புக்கூடு மட்டும் தூளைப் பிடித்துக்கொண்டு உலோகத்தில் நிற்கும். டப்பாவில் படிப்படியாகச் சூடேற்றச் சொல்வதற்குக் காரணம் இதுதான். மூன்றாவது வகையில் சிர்க்கோனியாத் தூளைப் பிளாஸ்மாச் சுடரில் உருக்கி, நிக்கல் கலவை அடிப்பூச்சின்மேல் நூற்றுக்கணக்கான மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுக்கு வீசிப் படிய வைப்பார்கள். ஜெட் இன்ஜின் டர்பைன் தகடுகளுக்கும் ரேஸ் கார்களுக்கும் போடுவது அது. எங்களைப் போன்ற பட்டறையில் அதற்கு வழியே இல்லை.

நாங்கள் போடும் பூச்சின் தடிமன் 25 மைக்ரான் அளவில் இருக்க வேண்டும். தலைமயிரில் மூன்றில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய படலம் சூட்டைத் தடுக்குமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓடும் வண்டியில் பைப்பின் ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து 10,000 வாட் வெப்பம் வெளியேறுகிறது என்று வையுங்கள். பூச்சின் கடத்துதிறன் மீட்டருக்கு, டிகிரிக்கு 1 வாட் என்று எடுத்துக்கொண்டால், 25 மைக்ரான் பூச்சின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் வரும் வித்தியாசம் கால் டிகிரிதான். வெப்பம் இரண்டு மடங்கு என்றாலும் அரை டிகிரி. ஆகவே வெளியே அடிக்கும் மெல்லிய பூச்சு துருவைத் தடுக்கும், அழகு தரும், கழுவ எளிது. கால் சுடாது என்று யாராவது சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். கறுப்பு மேட் பூச்சில் நிலைமை கொஞ்சம் மோசம்கூட. பளபளக்கும் குரோம் வெப்பத்தைக் கதிராக மிகக் குறைவாகவே வீசும், கறுப்பு தாராளமாக வீசும். கிரீன் சர்க்கிளில் சிக்னலுக்கு நிற்கும்போது, பைப் இருக்கும் வலது பக்கத்துக் காலுக்கு அந்த வித்தியாசம் தெரியும். கால் சூடு குறைய வேண்டும் என்பதுதான் ஒருவருடைய தேவை என்றால், வெள்ளி நிற, மெருகேற்றிய வகையையோ ஒரு ஹீட் ஷீல்டையோதான் நான் சொல்வேன்.

இதை நாங்கள் புரிந்துகொண்டதே ஒரு குழப்பத்தின் மூலம்தான். முதல் தடவை கோட்டிங் போட்டுக் கொடுத்த அன்று, அண்ணனுடன் வந்த நண்பர் ஒருவர் ஐஆர் கன்னை (தொடாமலே வெப்பநிலை காட்டும் கருவி) பைப்பை நோக்கிப் பிடித்துப் பார்த்தார். குரோமாக இருந்தபோது எடுத்த அளவைவிடக் கூடுதலாகக் காட்டியது. கோட்டிங் போட்டதும் சூடு ஏறிவிட்டதே என்று அவர் பதற, எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அந்தக் கருவி, பொருள் வீசும் கதிரை வைத்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. பெரும்பாலான மலிவுக் கருவிகள் எதைப் பார்த்தாலும் அது கறுப்புப் பொருளுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வீசும் என்றே வைத்துக்கொள்கின்றன. மெருகேறிய குரோம் வீசுவது அதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். அதனால் கொதிக்கும் குரோம் பைப்பையும் மிதமான சூடு என்று காட்டிவிடும். முன் பின் என்று இரண்டு எண்களைப் போட்டுக் காட்டும் விளம்பரங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள். நாங்கள் இப்போது ஒரு கே-டைப் தெர்மோகப்புளை (தொட்டு வெப்பநிலை அளக்கும் கம்பி) ஹோஸ் கிளாம்ப்புக்கு அடியில் இறுக்கி மல்டிமீட்டரில் படிக்கிறோம். அதற்குப் பளபளப்பும் கறுப்பும் ஒன்றுதான்.

உரிந்த இடங்கள்

திங்கட்கிழமை காலைக்கு வருகிறேன். பைப்பையும் சைலன்சரையும் கழற்றி மேஜைமேல் வைத்தோம். முதலில் கண்ணில் பட்டது, கெட்டுப்போன இடங்களைவிட, கெடாத இடம். பெண்ட் பைப்பின் நடுப்பகுதி, ஹெட்டுக்கும் சைலன்சருக்கும் இடையில் நேராக ஓடும் பாகம், கொடுத்த அன்று இருந்த மாதிரியே இருந்தது. பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டிச் சர்ரென்று இழுத்துப் பார்த்தோம். ஒரு துணுக்கு வரவில்லை. சரக்கு மோசம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. ஒரே டப்பா, ஒரே நாள், ஒரே கை. நடுவில் நின்றது மூன்று இடத்தில் நிற்கவில்லை என்றால், அந்த மூன்று இடங்களும் தனித்தனியாக எதையோ சொல்கின்றன.

பெண்டின் உள்வளைவில் வெடிப்பு. கோடையில் ஏரி வற்றினால் வண்டல் வெடிக்குமே, அதே வடிவத்தில், நகக்கண் அளவில். காந்தத்தால் தடிமன் அளக்கும் கருவியை வைத்தோம். நடுவில் 25 சொச்சம் காட்டியது, உள்வளைவில் 70-ஐத் தாண்டியது. பையன் ஒருபக்கம் நின்று அடித்துவிட்டு மறுபக்கம் போய் அடித்திருக்கிறான். இரண்டு அடியும் உள்வளைவில் வந்து ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கிறது. ஒரு மீட்டர் மைல்ட் ஸ்டீல் குழாய் 350 டிகிரி சூடேறினால் சுமார் 4 மில்லிமீட்டர் நீளும். பூச்சு அதனுடன் நீண்டு, அதனுடன் சுருங்க வேண்டும். மெல்லியது சமாளிக்கும். தடித்தது வெடிக்கும். இந்தக் காரணத்தில் மர்மம் ஒன்றும் இல்லை.

சைலன்சரில் நடந்தது வேறு. நீளவாக்கில் ஓடும் வெல்டிங் தையலிலிருந்தும், பைப்பும் சைலன்சரும் சேரும் கிளாம்ப்பின் அடியிலிருந்தும் பழுப்பு நிறத்தில் கண்ணீர்க் கோடுகள். அந்தக் கோடுகளின்மேல் பூச்சு கொப்பளம் கொப்பளமாகத் தூக்கியிருந்தது. எண்ணெய். வால்வு கைடு, அதாவது வால்வு ஏறி இறங்கும் குழல், தேய்ந்த பழைய புல்லட் கொஞ்சம் எண்ணெய் குடிக்கும். அது கரியோடு சேர்ந்து சைலன்சர் உள்ளே தையல் இடுக்குகளில் ஊறிக் கிடக்கும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் குளிர்ந்த உலோகத்தில் அது தெரியாது. சூடேறினால் ஊறி வெளியே வரும். போதாக்குறைக்கு நாங்கள் பயன்படுத்திய பிளாஸ்டிங் துகள் பல மாதமாகக் கேட், கிரில் எல்லாம் அடித்த பழைய துகள். எண்ணெயும் பெயிண்டும் அதிலேயே இருந்திருக்கும். துடைத்த தின்னரும் மலிவுச் சரக்கு.

ஹெட்டை ஒட்டிய நான்கு விரல் பாகம்தான் எங்களை நீண்ட நேரம் உட்கார வைத்தது. மேலே சாம்பல் பொடி. அடியில் சின்னச் சின்னச் செதில்கள். ஒரு செதிலைக் கத்தி முனையால் எடுத்துத் திருப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளியாக மின்னியது. அப்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பூச்சு பைப்பை விட்டுப் பிரியவில்லை. பூச்சு நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, பழைய முலாமோடு. அந்த முலாம்தான் இரும்பை விட்டுப் பிரிந்து வந்திருக்கிறது.

குரோம் என்று நாம் சொல்லும் அலங்கார முலாமில் குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான படலம்தான். அதன் அடியில் இருக்கும் நிக்கல்தான் தடிமனானது. பல வருஷம் அளவுக்கு மீறிச் சூடான இடத்தில் அந்த நிக்கல் இரும்பின்மேல் பிடி தளர்ந்திருந்தது. நாங்கள் அதன்மேல் புதுப்பூச்சைப் போட்டுப் புதுச் சுமையையும் ஏற்றினோம். உதிரத் தயாராக இருந்த சுவருக்கு வெள்ளையடித்த வேலை.

சரி, ஆனால் சாம்பல் பொடி? மூன்றாவது கட்டச் சூடு கொடுக்காமல் அனுப்பியது ஒரு காரணம். அரைகுறையாக வெந்த ரெசின் திடீரென்று கடும் சூட்டைப் பார்த்திருக்கிறது. ஆனால் நடுப்பகுதிக்கும் அதே அரைவேக்காடுதானே? அது எப்படி நின்றது? ஹெட்டுக்குப் பக்கத்தில் மட்டும் பூச்சு சாம்பலாகும் அளவுக்குச் சூடு வந்தது ஏன் என்ற கேள்விக்கு எங்கள் பட்டறையில் பதில் இல்லை.

கொசப்பேட்டை மேஸ்திரி

பழைய புல்லட் வேலை மட்டுமே பார்க்கும் மெக்கானிக் ஒருவர் கொசப்பேட்டையில் இருக்கிறார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தி, பைப்பையும் காட்டினோம். கோட்டிங்கை அவர் பார்க்கவே இல்லை. "முன்னாடி நீலமா இருந்துதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்பவே என்கிட்ட இட்னு வந்திருக்கணும் நீங்க" என்றார்.

பிளக்கைக் கழற்றினார். முனை சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் மூட்டில் ஸ்ப்ரே அடித்தார். சத்தம் மாறியது. காற்று உள்ளே இழுக்கிறது, கலவையில் பெட்ரோல் குறைகிறது. அப்புறம் தீப்பொறியை வரவைக்கும் சுவிட்சான பாயிண்டின் மூடியைத் திறந்தார். பாயிண்டில் கேமின்மேல் உரசும் அடிப்பகுதி தேய்ந்துபோய், 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை திறக்க வேண்டிய இடைவெளி பாதிகூட இல்லை. இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், தீப்பொறியும் தாமதமாக வரும். அதற்கு அடியில் இருந்த அட்வான்ஸ் யூனிட்டின் எடைகள் காய்ந்த கிரீஸில் ஒட்டிக்கொண்டு, வேகம் ஏறினாலும் தீப்பொறியை முன்னுக்குத் தள்ளாமல் கிடந்தன.

தீப்பொறி தாமதமானால் என்ன ஆகும் என்று அவர் கையை அசைத்துக் காட்டிய விதம் எனக்கு மறக்காது. பிஸ்டன் இறங்கிக்கொண்டிருக்கும்போது எரிகிற பெட்ரோல், பிஸ்டனைத் தள்ளி முடிக்கும் முன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். வேலையாக மாற வேண்டிய வெப்பம் பைப்புக்குள் போகும். வண்டிக்கு இழுவை குறையும், பைப்புக்குச் சூடு கூடும். அண்ணனிடம் கேட்டோம். பேர்ணாம்பட்டு ரோட்டு ஏற்றத்தில் இரண்டு வருஷமாக மூன்றாவது கியருக்கு இறக்க வேண்டியிருக்கிறது என்றார். வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாராம்.

நீலத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காற்றில் சூடேற்றினால் 300 டிகிரி அளவில் இளம் வைக்கோல் நிறம், 450 அளவில் அடர் ஊதா, 540-க்கு மேல் நீலம். மைல்ட் ஸ்டீல் 300 டிகிரியிலேயே நீலமாகிவிடும். குரோம் முலாமின் நிறத்தை இப்படி டிகிரியாக நேரடியாகப் படிக்க முடியாது, ஆனாலும் எந்த இடம் அதிகம் சுட்டது, எதுவரை சுட்டது என்பதை அது வரைபடம் போலக் காட்டும். அந்த அண்ணனின் வண்டி தன் கஷ்டத்தைப் பைப்பில் எழுதி வைத்திருந்தது. நாங்கள் அதைக் கறுப்பால் அழித்துவிட்டு, காசும் வாங்கினோம். இந்த வேலையில் எனக்கு இன்னும் உறுத்துவது இதுதான். தடித்த பூச்சும் எண்ணெயும் கைப்பிழை, திருத்திக்கொள்ளலாம். கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியால் வால்வே எரிந்திருக்கக்கூடும்.

மேஸ்திரி புதுப் பாயிண்ட் போட்டு, அட்வான்ஸ் யூனிட்டை மண்ணெண்ணெயில் கழுவி, மூட்டுக்குப் புதுக் கேஸ்கெட் வைத்தார். பாயிண்ட் நடுவில் சிகரெட் பேப்பரைச் செருகி, அது நழுவும் நொடியைப் பார்த்து டைமிங் வைத்தார். அதற்குப் பின் பழைய கறுப்புப் பைப்பையே மாட்டி, தெர்மோகப்புளோடு அதே ரோட்டில் ஓட்டினோம். ஹெட்டை ஒட்டிய இடத்துச் சூடு நன்றாகவே இறங்கியிருந்தது. அண்ணன் ஏற்றத்தில் கியரை இறக்கவில்லை.

குரோமை எங்கே கரைப்பது

மறுவேலைக்கு முலாம் முழுவதும் போக வேண்டும். பட்டறையில் ஒரு யோசனை வந்தது: பிளாஸ்டிக் டிரம்மில் ஆசிட் ஊற்றி ராத்திரி ஊறப் போட்டால் குரோம் கரைந்துவிடும், காலையில் தண்ணீரைக் கால்வாயில் விட்டால் முடிந்தது. நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். இது எந்தப் பகுதி என்று எங்கள் பையன்களுக்குத் தெரியவேண்டும். 2006-இல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் உலகிலேயே மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது அதில் ராணிப்பேட்டை இருந்தது. காரணம் குரோமியம். தோல் ஆலைக் கழிவு பாலாற்றுப் பக்கத்துக் கிணறுகளைக் கெடுத்ததற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. காஸ்டிக்கில் மின்சாரம் விட்டுக் குரோம் உரித்தால் தண்ணீர் மஞ்சளாக வரும். அந்த மஞ்சள் ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தரும் வகை. ஒரு பெண்ட் பைப்பிலிருந்து வருவது சிறிய அளவுதான். ஆனால் பட்டறைகள் எத்தனை, பைப்புகள் எத்தனை?

கழிவுநீர் சுத்திகரிப்பு வசதியுள்ள முலாம் யூனிட் ஒன்றில் கொடுத்து, குரோமையும் நிக்கலையும் முறையாக உரித்து வாங்கினோம். திரும்பி வந்த வெறும் இரும்புப் பைப்பின் அடிப்பக்கத்தில் ஊசி முனை அளவு ஓட்டை ஒன்று இருந்தது. உள்ளிருந்து துருப்பிடித்த ஓட்டை. இத்தனை நாளாக முலாம்தான் அதை மூடி வைத்திருந்தது. டிக் வெல்டிங்கில் அடைத்து, தேய்த்துச் சமமாக்கினோம்.

இரண்டாவது தடவை

ஆடி மாதம். காற்றில் தூசி பறக்கும் காலம் என்பதால் ஸ்ப்ரே கேபினுக்குத் தனியாகத் தார்ப்பாய் கட்டினோம்.

பிளாஸ்டிங்குக்கு ஒரு சின்னக் கேபினைத் தனியாக வைத்து, 120 நம்பர் அலுமினியம் ஆக்சைடு புதிதாக வாங்கிப் போட்டோம். எக்ஸாஸ்ட் தவிர வேறு எதுவும் இப்போது அதில் அடிப்பதில்லை. ஆற்று மணலில் அடிக்கலாமே, செலவு குறையுமே என்று கேட்பவர்கள் உண்டு. மணல் தூளாகும்போது வரும் சிலிக்கா நுரையீரலில் போய்த் தங்கும், சிலிக்கோசிஸ் வந்தால் மருந்து கிடையாது. தவிர, ஆற்றில் உருண்டு உருண்டு வந்த மணலுக்கு முனை மழுங்கியிருக்கும். அது இரும்பைத் தட்டும், கீறாது. பூச்சு பிடிக்கக் கீறல்தான் வேண்டும்.

அடித்து முடித்த இரும்பை வெறும் கையால் தொட்டவன் அடுத்த நாள் ரேகையோடு துருவைப் பார்ப்பான், நம் ஊர் வியர்வை அப்படி. கையுறை போட்டுக்கொண்டே வேலை பார்த்தோம். அசிட்டோனில் கழுவி, பைப்பை வெறுமனே ஓவனில் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தோம். வெளியே எடுத்தபோது, வெல்டிங் ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு. முதல் தடவை நாங்கள் பார்க்காமல் விட்டது இந்தக் கோட்டைத்தான். துடைத்து, அந்த இடத்தை மறுபடி அடித்து, மறுபடி ஓவன். இரண்டாம் முறையும் லேசாக வந்தது. மூன்றாம் முறை வரவில்லை. இந்த மூன்று மணி நேரத்துக்கு வாடிக்கையாளரிடம் காசு கேட்பது கஷ்டம், அவர் கண்ணுக்குத் தெரியும் வேலை இது அல்ல. ஆனால் முழு வேலையும் நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

ஹெட்டுக்குள் செருகும் நுனியில் ஓர் அங்குலத்தை டேப் சுற்றி விட்டோம். வார்ப்பிரும்பு புல்லட்டில் பைப் ஹெட்டுக்குள் இறுக்கமாகச் செருகி உட்காருகிறது. அங்கே பூச்சு இருந்தால் தட்டி ஏற்றும்போதே பெயர்ந்து, அந்தக் கிழிசலிலிருந்து உரிய ஆரம்பிக்கும். கம்ப்ரஸர் தண்ணீரை வடித்துவிட்டு, 0.8 நாசிலில், பைப்பைத் தொங்கவிட்டுச் சுற்றிக்கொண்டே ஒரே ஈரப் பூச்சு. உள்வளைவை முதலில் அடித்தோம், அதன்பின் அந்தப் பக்கம் துப்பாக்கியைத் திருப்பவில்லை. அன்று மாலைக்குள் முடித்தோம், அடித்த இரும்பை ஒரு ராத்திரி காற்றில் விட்டிருந்தால் துரு ஆரம்பித்திருக்கும்.

120, 200 இரண்டும் எங்கள் ஓவனில். 315-க்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஹீட் ட்ரீட்மெண்ட் செய்யும் ஒருவரைக் கெஞ்சி, அவர் சூளை காலியாக இருந்த ஒரு மதியத்தில் அரை மணி வாங்கினோம். சூளையிலிருந்து வந்ததும் தடிமன் அளந்தோம். எங்கும் 30-ஐத் தாண்டவில்லை. மாட்டிய பிறகும் நேராக ரோட்டுக்கு விடவில்லை. முன்னால் பெரிய ஃபேன் வைத்துப் பத்து நிமிடம் ஐடில், முழுக்க ஆறவிட்டு மறுபடி இருபது நிமிடம். காற்றில் குளிரும் இன்ஜினை ஃபேன் இல்லாமல் நின்ற இடத்தில் ஓட்டக்கூடாது.

சைலன்சருக்குக் கோட்டிங் போட மாட்டோம் என்று சொல்லிவிட்டோம். உள்ளே தடுப்புகளோடு மூடிய டப்பா அது. அதன் இடுக்குகளில் ஊறிய எண்ணெயை வெளியிலிருந்து எடுக்க எங்களுக்கு நம்பிக்கையான வழி இல்லை. அவர் புதுக் குரோம் சைலன்சர் வாங்கினார். கறுப்புப் பைப்பும் வெள்ளிச் சைலன்சரும் அவருக்குப் பிடிக்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது. கோட்டிங் கூலியை இரண்டாவது தடவை வாங்கவில்லை. முலாம் உரித்த செலவைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டோம்.

மழைக்குப் பின்

முதல் வாரமே ஏலகிரி ஏறச் சொன்னோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் ஏறும் சூடு, ஊர் ரோட்டில் ஒரு மாதம் ஓடினாலும் வராது. ஏறி இறங்கி வந்து போட்டோ அனுப்பினார். அப்புறம் வடகிழக்குப் பருவமழை. கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போய், திரும்பும் வழி முழுக்க மழையில் நனைந்து வந்திருக்கிறார். கொதிக்கும் பைப்பில் குளிர்ந்த தண்ணீர் விழுவதைப் போல வேறு எந்தச் சோதனையையும் எங்களால் பட்டறையில் வைக்க முடியாது. அடுத்த வாரம் வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன்.

பிளக்கை முதலில் கழற்றினோம். இப்போது எந்த வண்டி வந்தாலும் கோட்டிங் பேச்சுக்கு முன்னால் அதுதான் எங்கள் பழக்கம். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தது. உள்வளைவில் வெடிப்பு இல்லை. ஹெட்டை ஒட்டிய இடத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது, பொடி வரவில்லை, டேப்பில் எதுவும் ஒட்டவில்லை. ஃபுட்ரெஸ்ட் பக்கத்தில் யாரோ ஸ்பேனர் நழுவவிட்டு ஒரு புள்ளி பெயர்ந்து, அங்கே சிவப்பாகத் துரு. எமரி போட்டு, பிரஷ்ஷால் தொட்டு, ஹீட் கன்னில் காயவைத்தோம். தொட்ட இடம் பக்கத்து இடத்தைவிடக் கொஞ்சம் பளபளப்பாகத் தெரிகிறது. அதை அவரிடம் சொல்லியும்விட்டோம்.

சைலன்சர் விஷயத்தை மறுபடி எடுத்தார். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஆக்ஸிலரேட்டரைத் திருகிவிட்டு அதன் வாயில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துக் காட்டினேன். எண்ணெய்ப் புள்ளிகள் விழுந்தன. வால்வு கைடு வேலைக்கு மேஸ்திரி தை பிறந்ததும் நாள் கொடுத்திருக்கிறாராம். அது முடிந்து புகை நின்றால், கரி ஏறாத இன்னொரு புதுச் சைலன்சரோடு வருவதாகச் சொல்லிவிட்டுக் குடியாத்தத்துக்குக் கிளம்பினார்.